தடைக்கம்பம் உயரும் நேரம்

(யாழ்ப்பாணத்தில் புவியியல் மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



சுவரில் தொங்கும் படத்தில் இரண்டு ஊர்களைக் காட்டுகிறேன். இது நோர்வேயின் வடகிழக்கு மூலை, பின்மார்க் மாகாணம். மேலே, பேரண்ட்ஸ் கடலைப் பார்த்தபடி இருப்பது போட்ஸ்பியோர்ட். அதற்கு நேர் தெற்கே, வரங்கர் தீபகற்பத்தின் மறுகரையில் இருப்பது வட்சோ. அடிமட்டம் வைத்து அளந்தால் இடையில் 60 கிலோமீற்றர் சொச்சம்தான். வீதியால் போனால் ஏறக்குறைய 170 கிலோமீற்றர். ஜனவரி மாதத்தில் போய்ச்சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டால், அந்த ஊர்க்காரர் மணித்தியாலக் கணக்குச் சொல்லமாட்டார். "மலை திறந்திருக்கா?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்.

போட்ஸ்பியோர்ட்டில் நான் பதினொரு வருடம் வாழ்ந்தேன். துருவ வட்டத்துக்கும் நான்கு பாகை வடக்கே உள்ள ஊர். 1980களின் கடைசியிலும் 90களிலும் எங்கள் ஆட்கள் பலர் அந்தக் கரையோர ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது, எங்களுக்கு வேலை வேண்டியிருந்தது. 'தொர்ஸ்க்' என்ற மீனைத் தோலுரித்து, முள்ளெடுத்து, துண்டு போட்டுப் பெட்டியில் அடுக்கும் வேலை. அந்தக் கதையைச் சொல்ல வேறொரு நாள் வேண்டும். அந்த நிலத்துக்கு மனிதர் எப்படிப் போகிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள், போக முடியாத நாளில் என்ன ஆகிறார்கள் என்பதே இன்றைய பேச்சு.

பின்மார்க்கின் பரப்பு ஏறக்குறைய 48,600 சதுர கிலோமீற்றர். இலங்கையில் முக்கால் பங்கு. வாழ்பவர்கள் 75,000 பேர் அளவில். உள்ளே இருப்பது வழித்துவிட்டாற்போல் மொட்டையான மேட்டுநிலம். அந்த மேட்டுநிலம் வடக்கே வந்து கடலுக்குள் செங்குத்தாக விழுகிறது. அதைப் பனியாறுகள் ஆழமாகக் குடைந்து வெட்டிய இடங்களில் கடல் உள்ளே ஏறி நிற்கிறது. அதுதான் பியோர்ட். போர்சங்கர் பியோர்ட் மட்டும் 120 கிலோமீற்றருக்கு மேல் நீளம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், கரையால் சுற்றிப் போவதென்றால் ஒரு நாள் பயணம். ஊர்கள் இந்தப் பாறைச் சுவரில் எங்கெல்லாம் ஒரு படகு ஒதுங்க இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வரங்கர் கரையோரத்தில் மரம் கிடையாது. வீடு கட்டப் பலகையும், எரிக்க விறகும்கூடக் கடல் வழியாக வந்த ஊர்கள் அவை.

வடதுருவ நீரோட்டம் சூழ்ந்த கரை என்று எண்ணிவிடாதீர்கள். அத்திலாந்திக்கின் இளஞ்சூட்டு நீரோட்டம் அந்தக் கரையைச் சுற்றி வருவதால், 70 பாகைக்கும் மேலே உள்ள அந்தத் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி பிற்பகுதியில்தான் திரும்பி வரும். அந்த இரண்டு மாத இருட்டிலும் கடல் திறந்திருக்கும். இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் கடல்தான் வீதி. நிலம்தான் தடை.

அதனால்தான் பழைய வீடுகளெல்லாம் கடலைப் பார்த்திருக்கின்றன. ஐரோப்பாவின் விளிம்பு என்று இன்று சொல்லப்படும் வார்டோ என்ற தீவு நகரம், பாய்க்கப்பல் காலத்தில் நாற்சந்திபோல் இருந்தது. வெண்கடல் பக்கமிருந்து ரஷ்ய வணிகர்கள் மாவோடும் தானியத்தோடும் வருவார்கள், மீனை ஏற்றிக்கொண்டு போவார்கள். கோடை மாதங்களில் அங்கு பிடிபடும் மீன் காயவைக்க உதவாது, புழுப்பிடிக்கும். அந்த மீனையும் வாங்கிக்கொள்ள ரஷ்யர் இருந்தார்கள். 1917 புரட்சியோடு அந்த வணிகம் நின்றது. அதுவரை இரு பக்கத்தாரும் பேசிக்கொள்ள ஒரு கலப்பு மொழியே உருவாகியிருந்தது. அதை 'மோயா போ துவோயா' என்பார்கள். 'என்னுடையதை உன்னுடையதில்' என்று பொருள். மீன் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று அரைகுறைச் சொற்களால் வேலை நடத்திய எங்களுக்கு அந்தப் பெயர் சட்டென்று விளங்கிவிட்டது.

ஆனால் கடல் திறந்திருந்தால் மட்டும் போதாது. 1890களுக்கு முன்னர் ட்ரொண்ட்ஹைமில் இருந்து ஹம்மர்பெஸ்ட்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரமும், குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரையும் பிடிக்கும் என்பார்கள். தண்ணீர் இருந்தது, கப்பல் இருந்தது. இருட்டில் ஓடும் துணிவு இருக்கவில்லை. ட்ரொண்ட்ஹைமுக்கு வடக்கே அந்த நீண்ட கரை முழுவதற்கும் 28 கலங்கரை விளக்கங்கள்தான். ஆண்டு முழுவதும் கப்பல் ஓட்ட முடியுமா என்று அரசாங்கம் கேட்டபோது பெரிய கப்பல் கம்பனிகள் இரண்டு முடியாது என்றுவிட்டன. வெஸ்டரோலன் தீவுப்பகுதியைச் சேர்ந்த ரிச்சர்ட் வித் என்ற சிறிய கம்பனிக்காரக் கப்டன் முன்வந்தார். அவரும், வழிகாட்டி மாலுமி அண்டர்ஸ் ஹோல்தேயும் பல காலமாக ஒரு வேலை செய்து வைத்திருந்தார்கள். எந்த முனையிலிருந்து எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை நிமிடம் போனால் அடுத்த முனை வரும் என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் குறித்து வைத்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் திசைகாட்டியும் மணிக்கூடும் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 1893 ஜூலை 2 காலையில் 'வெஸ்டரோலன்' என்ற கப்பல் ட்ரொண்ட்ஹைமை விட்டது. ஜூலை 5 இல், குறித்த நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாக, ஹம்மர்பெஸ்ட்டில் நின்றது.

அந்தச் சேவைக்குப் பெயர் ஹூர்திக்ரூதன், 'விரைவு வழி'. இன்றும் பேர்கன் நகரிலிருந்து ரஷ்ய எல்லையோரத்துக் கிர்கெனெஸ் வரை 34 துறைகளைத் தொட்டுப் போகிறது. உல்லாசப் பயணிகள் மேல்தட்டில் நின்று படம் எடுப்பார்கள். போட்ஸ்பியோர்ட்டில் இருந்த எங்களுக்கு அது வேறு கப்பல். ஒஸ்லோவில் ஒரு நண்பர் கடை வைத்திருந்தார். சிவப்புப் பச்சையரிசி, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் பெட்டி கட்டி அனுப்புவார். இரவில் ஹோர்ன் சத்தம் பியோர்ட்டின் வாயில் கேட்கும். சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போவோம். பக்கவாட்டுக் கதவு திறக்கும், பாரம் தூக்கும் வண்டி மூன்று நான்கு முறை உள்ளே போய் வரும். அதற்குள் ஒரு கிழவியைக் கைபிடித்து இறக்குவார்கள், ஒரு சவப்பெட்டி ஏற்றப்படும், எங்கள் அரிசிப் பெட்டி பனியில் வைக்கப்படும். பெட்டியின் மூலை கிழிந்து மிளகாய்த்தூள் பனியின்மேல் கொட்டி ஒரு கை அகலத்துக்குச் சிவந்து கிடந்ததை இன்றும் காண்கிறேன். கயிறு அவிழ்த்துக் கப்பல் போய்விடும்.

பக்கத்து ஊர் பெர்லவோக்குக்கு அந்த வசதிகூட நீண்ட காலம் இருக்கவில்லை. நேராகப் பேரண்ட்ஸ் கடலுக்கு முகம் கொடுத்து நிற்கும் ஊர் அது. கப்பல் வெளியே நிற்கும், ஆட்களைச் சிறு படகில் ஏற்றி இறக்குவார்கள். அலைதடுப்பு அணை கட்டினார்கள், கடல் உடைத்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடி உடைத்தது. ஏறக்குறைய மூன்று தலைமுறை இப்படியே போயிற்று. கடைசியில் நான்கு கால் விரித்த கொங்கிறீட் கட்டிகளை, ஒவ்வொன்றும் பல தொன் எடையுள்ளவற்றை, ஒன்றின் காலுக்குள் ஒன்று சிக்கும்படி போட்டு 1970களில்தான் வேலை முடிந்தது. அதன்பிறகே பெரிய கப்பல் உள்ளே வந்து கட்டியது.

உள்நாட்டில் கதை தலைகீழ். காரஸ்யொக், கவுத்தொகெய்னோ போன்ற, சாமி எனப்படும் பழங்குடி மக்களின் ஊர்களுக்குக் குளிர்காலம்தான் பயணக் காலம். கோடையில் சதுப்பும் ஆறும் நுளம்புமாக வழி மறிபடும். ஆறு உறைந்து, நிலம் பனிக்குள் மூடுண்டதும் மான்வண்டி எங்கும் ஓடும். ஒரு நாள் பயணத்துக்கு ஒன்று என்று அரசாங்கமே மலை விடுதிகள் கட்டிக் காவலாளியையும் வைத்திருந்தது. கரையில் மூடும் பருவமே உள்ளே திறக்கும் பருவம். ஒரே மாகாணத்துக்குள் இந்த இரண்டு நாட்காட்டிகளும் இருந்ததைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

1944 இலையுதிர் காலத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சை நகர்த்த முடியாது. சோவியத் படையின் முன் பின்வாங்கிய ஜெர்மன் இராணுவம் பின்மார்க்கையும் அதன் மேற்கே அடுத்திருந்த பகுதியையும் எரித்துக்கொண்டே போனது. ஏறக்குறைய 11,000 வீடுகள். கூடவே இறங்குதுறைகள், படகுகள், பாலங்கள், தொலைபேசிக் கம்பங்கள். ஏறக்குறைய 50,000 பேரைத் தெற்கே விரட்டினார்கள். போக மறுத்தவர்கள் குகைகளிலும் புல்வீடுகளிலும் ஒளிந்தார்கள். கிர்கெனெஸ் அருகே பியோர்னவத்ன் இரும்புச் சுரங்கத்தின் குகைப்பாதைக்குள் 3,000 பேர் அளவில் தங்கினார்கள், உள்ளேயே பிள்ளைகள் பிறந்தன. யுத்தம் முடிந்ததும், வீடில்லை, துறையில்லை, இப்போதைக்குத் திரும்பாதீர்கள் என்றது அரசாங்கம். சனம் கேட்கவில்லை. மீன்பிடி வள்ளத்திலும் கிடைத்த கப்பலிலும் ஏறித் தங்கள் எரிந்த கற்படிகளுக்கே போய்ச் சேர்ந்தார்கள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மீள்கட்டுமானத்தோடு வீதி வந்தது. இங்கேதான் என் பேச்சின் நடு முள் இருக்கிறது. கடலைப் பார்த்து நின்ற ஊர்களுக்கு வீதி முதுகுப்பக்கமாக வந்து சேர்ந்தது. வார்டோவிலிருந்து போட்ஸ்பியோர்ட்டுக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். வீதியில் தீபகற்பத்தையே சுற்றி 240 கிலோமீற்றருக்கு மேல். கடலில் அயலூர்களாக இருந்தவை வீதியில் ஆளுக்கொரு முட்டுச்சந்தின் முடிவாயின. கடலில் ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்த மணிகள்போல இருந்தன. வீதி அவற்றைத் தனித்தனியே ஒரு மரத்தின் கிளை நுனிகளாக்கியது. நுனிக்கு வருபவன் நுனிக்கென்றே வரவேண்டும். வழியில் கடந்துபோகிறவர் என்று ஒருவரும் இல்லை. தொலைவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி மனிதர் எடுத்த முடிவுகளால் உண்டானது என்பதே அங்கு வாழ்ந்து நான் அறிந்தது.

வீதியை நான் குறை சொல்வதாக எண்ணவேண்டாம். வார்டோத் தீவை நிலத்தோடு இணைக்க 1980களின் தொடக்கத்தில் கடலுக்கு அடியில் ஏறக்குறைய 2.9 கிலோமீற்றர் சுரங்கம் குடைந்தார்கள். நோர்வேயின் முதலாவது கடலடி வீதி அது. 1999 இல் வடமுனைத் தீவுக்கு 6.9 கிலோமீற்றர் நீளத்தில், கடல் மட்டத்துக்கு 212 மீற்றர் கீழே இறங்கி ஏறும் சுரங்கம் திறந்தது. உள்ளே கசியும் நீர் உறைந்துவிடாமல் இருக்க அதன் வாயில்களுக்குக் குளிர்காலக் கதவுகள் உண்டு. வாகனம் நெருங்கும்போது கதவு மெல்லத் திறக்கும். வார்டோவில் தொடங்கும் ஈ75 நெடுஞ்சாலை கிரேக்கத்தின் கிரீட் தீவில் போய் முடிகிறது என்ற பெருமையும் உண்டு.

ஆனால் வீதி வந்த ஊரெல்லாம் பிழைத்துவிடவில்லை. வார்டோவுக்கு அப்பால் ஹம்னிங்பெர்க் என்ற மீன்பிடி ஊர். 1944 நெருப்பிலும் தப்பிய ஊர். அங்கே போகும் வீதி குளிர்காலத்தில் மூடப்படும். பெரிய படகுகள் கட்ட ஏற்ற துறைமுகத்தை அங்கே கட்டவில்லை. 1960களில் சனம் எழும்பிவிட்டது. வீடுகள் வர்ணத்தோடு அப்படியே நிற்கின்றன, கோடையில் வந்து தங்குகிறார்கள், ஒக்டோபரில் பூட்டிவிட்டுப் போகிறார்கள். வரங்கர் பியோர்ட்டின் தென்கரையில் பூகோய்னெஸ். வீதி இருந்தது, ஆனால் மீன் தொழிற்சாலை முறிந்தது. 1989 இல் அந்த ஊரார் சேர்ந்து ஒஸ்லோப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டார்கள். எங்கள் ஊர் முழுவதும் குடிபெயரத் தயார், ஒன்றாக ஏற்றுக்கொள்ள இடம் உண்டா என்று கேட்ட விளம்பரம். நாடே அதிர்ந்தது. ஊர் நகரவில்லை. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பேரண்ட்ஸ் கடலில் கொண்டுவந்து விட்ட அரச நண்டு மெல்ல மேற்கே பரவி அவர்களது வலையில் ஏறியது. முதலில் வலையைக் கிழிக்கும் சனியன் என்று ஏசினார்கள். பிறகு அதுவே ஊரை நிறுத்தியது. இன்று அந்த நண்டு உயிரோடு பெட்டியிலேறி, பின்லாந்து வழியாக லொறியில் ஹெல்சின்கி விமான நிலையம் போய் ஆசியாவுக்குப் பறக்கிறது. ஒஸ்லோவுக்குப் போவதானாலும் கிர்கெனெஸ்காரருக்கு நோர்வே வழியைவிடப் பின்லாந்து, சுவீடன் வழிதான் கிட்ட. தன் தலைநகருக்குப் போக இரண்டு அயல்நாடுகளைக் கடப்பதே குறுக்கு வழியாக இருக்கும் ஊர்.

கிழக்கே ரஷ்ய எல்லை. ஸ்டூர்ஸ்கூக் என்ற ஒரே கடவைதான். கால்நடையாக அதைக் கடக்கக்கூடாது என்பது விதி. 2015 இல் 5,000க்கும் மேற்பட்ட அகதிகள் அதைச் சைக்கிளில் கடந்தார்கள். பிள்ளைகளின் சைக்கிளில் முழங்கால் முட்ட உட்கார்ந்து, கடைசிச் சில நூறு மீற்றரை மட்டும் மிதித்தவர்கள். கடந்ததும் சைக்கிள் அங்கேயே விடப்பட்டது. குவியலாகக் கிடந்த அந்தப் புதுச் சைக்கிள்களின் படத்தைப் பார்த்தபோது எனக்கு நித்திரை வரவில்லை.

விமானம் பற்றியும் சொல்லவேண்டும். 1970களில் அந்தக் கரை நெடுக 800 மீற்றர் ஓடுபாதையோடு சிறு நிலையங்கள் கட்டினார்கள். 39 ஆசன விமானம் வட்சோ, வார்டோ, போட்ஸ்பியோர்ட், பெர்லவோக், மெஹாம்ன் என்று பஸ்போல நின்று நின்று போகும். இலாபத்துக்கு ஓடும் வழிகள் அல்ல இவை. அரசாங்கம் கேள்விப்பத்திரம் கோரிப் பணம் கொடுத்து ஓட்டுவிக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. இந்த 48,600 சதுர கிலோமீற்றருக்கும் ஹம்மர்பெஸ்ட், கிர்கெனெஸ் என்று இரண்டே பெரிய மருத்துவமனைகள். போட்ஸ்பியோர்ட்டில் கர்ப்பிணிப் பெண் நாள் நெருங்கியதும் கிர்கெனெஸுக்குப் போய்த் தங்கிக் காத்திருப்பாள். குறிகாட்டுவான் இறங்குதுறையில், சோளகக் காற்றில் நெடுந்தீவுப் படகு ஓடுமா ஓடாதா என்று நோயாளியோடு நின்றவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த நிற்பு எனக்குத் தெரியும், நானும் தீவகத்தான்.

1990 இலிருந்து அங்கே குடியிருப்பவர்களுக்கு வருமான வரிச் சலுகை உண்டு. படிப்புக்கு வாங்கிய கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதியை, ஓர் உச்ச வரம்புக்குள், கழித்துவிடுவார்கள். தலைக்கணக்குப் பார்த்தால் இவையெல்லாம் வீண் செலவு என்று ஒஸ்லோவில் அடிக்கடி ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்கு என்னிடம் பெரிய வாதம் இல்லை. ஒரு காலையைச் சொல்கிறேன்.

நான் போன மூன்றாவது வருடம், ஜனவரி. வட்சோவில் எனக்கு நோர்வேஜிய மொழிப் பரீட்சை. முதல்நாள் மாலை காற்றால் விமானம் வரவில்லை. காரில் புறப்பட்டேன். ஊரை விட்டு ஏறியதும் தடைக்கம்பம் இறங்கியிருந்தது, சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அந்த மலையை மூடுவது பனியின் அளவைவிடக் காற்றுத்தான். விழுந்த பனியைக் கிளப்பி அடிக்கும். முன்விளக்கு வெளிச்சத்தில் தெரிவது வெள்ளைச் சுவர் ஒன்றே. வீதியோரம் நட்ட ஒளிரும் தடிகளில் அடுத்ததுகூடத் தெரியாது. திரும்பி வந்து அதிகாலை மறுபடி போனேன். இனி 'கொலொன்ன' ஓட்டம் என்றார்கள். பனி வாரும் லொறி முன்னே போகும், அதன் பின்னால் வரிசையாகப் போகவேண்டும்.

லொறிச் சாரதி இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினார். பெற்றோல் எவ்வளவு இருக்கு? சப்பாத்து, தடித்த உடுப்பு இருக்கா? காலடியில் இருந்த மண்வெட்டியைக் காட்டச் சொன்னார். "முன்னால் போகும் சிவப்பு விளக்கைக் கண்ணால் விடாதே. நின்றுபோனால் காரை விட்டு இறங்காதே, நான் திரும்பி வருவேன்" என்றார். எங்கே போகிறாய் என்று கேட்டார். பரீட்சைக்கு என்றேன். தலையசைத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்ற காருக்குப் போனார். அதில் ஒரு வயதான பெண், தானா புரூ என்ற ஊருக்குப் பல் வைத்தியரிடம் போகிறவர். பார்த்தேன், அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. இரண்டு கார்கள்தான்.

கம்பம் உயர்ந்தது. அந்த இயந்திரம் கூரைமேல் மஞ்சள் விளக்குச் சுழல முன்னே இறங்கியது. அதன் கத்தி பனியை வலப்பக்கம் அள்ளி எறிந்துகொண்டே போனது. வேகம் 30 இருக்கும், சில இடங்களில் நடை வேகம். ஒருமுறை சிவப்பு விளக்கு மறைந்தது, என் நெஞ்சு நின்றது, மறுபடி தெரிந்தது. ஆள் அரவமற்ற அந்த மேட்டைக் கடக்க எவ்வளவு நேரம் ஆயிற்றென்று மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கீழே மறுபக்கத் தடைக்கம்பத்துக்கு வந்ததும் சாரதி கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னார். பரீட்சைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனேன், உள்ளே விட்டார்கள்.

கம்பத்தடியில் மறுபக்கமாகப் போக ஒரே ஒரு பால் லொறி காத்து நின்றது. அதைக் கூட்டிக்கொண்டு அந்த இயந்திரம் வந்த வழியே திரும்பவும் மலையேறிப் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன்.